மச்சானை நினைச்சா பயமா இருக்கு

“இல்ல சார், இவன் பாம்பப் பாத்துப் பயப்படுதானா, இல்ல பாம்புக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயப்படுதானா?”

“பாம்புக்காக எவனாவது பயப்படுவானாம்மா?”

“பாம்பு வளக்கிறவன் பயப்படுவான்.”

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் ஒளிர்ந்துகொண்டிருந்த வாக்கியத்தை மறுபடியும் படித்தார். ‘அந்தப் பாம்ப நெனச்சா பயமா இருக்கு.’ ஆண் குரல். மதுரைக்கு மேற்கே எங்கோ பேசியது. அதற்கு மேல் எந்தத் தகவலும் இருக்காது. யார் பேசியது என்று தெரிந்துகொள்ள இந்த அலுவலகத்துக்கு உரிமை இல்லை.

“முதல் அறையிலயே போடு. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேரு பாம்பப் பாத்துத்தான் பயப்படுவான். மிச்சம் ஒருத்தன் பாம்புக்குப் பால் ஊத்துறவனா இருந்துட்டுப் போறான்.”

ஞானப்பூ முதல் அறையில் போட்டாள். முதல் அறை என்றால் உண்மையான அச்சம். நீக்கலாம்.

தூத்துக்குடியில் துறைமுகத்தைப் பார்த்த அந்த மாடியில் அவள் ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை இதுதான். ஒரே ஒரு சொல். பயம். அதைத் தமிழர்கள் எங்கே, எதற்காகச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்து அறைகளில் போடுவது. மொத்தம் பத்தொன்பது அறைகள்.

இவ்வளவும் அஞ்சாமணிக்காக. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் வைக்கப்படும் மிளகளவு மணி அது. மூளையின் அடியில் வாதுமைப் பருப்பைப் போல ஒரு சிறு பகுதி உண்டு. அச்சம் அங்கேதான் பிறக்கிறது. மணி அந்த இடத்துக்கு மெல்லிய அதிர்வு ஒன்றை அனுப்பும். மூன்று மூச்சுக்குள் அச்சம் கரைந்துவிடும். எதைப் பற்றிய அச்சமோ, அது அன்று பொழுது சாயும்வரை திரும்பாது.

முதலில் வந்த மணிகள் யாரையும் கேட்கவில்லை. நெஞ்சு படபடத்தாலே அதிர்ந்தன. மணமேடையில் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பந்தயத்தில் ஓடியவர்கள் பாதியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மணி வைத்துக்கொண்டவர் தம் வாயால் சொன்னால் ஒழிய மணி அவர் மனதைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அன்று முதல் அந்தச் சொல்தான் சாவி. ‘பயமா இருக்கு’ என்று சொன்னால் திறக்கும்.

ஆனால் தமிழர்கள் பயமில்லாதபோதுதான் அந்தச் சொல்லை அதிகம் சொல்கிறார்கள் என்பது மணி செய்த தொழிற்சாலைக்குத் தெரிந்திருக்கவில்லை. “எங்க கணக்கு வாத்தியார்னா எனக்கு ஒரு பயம்” என்று ஒரு மாணவன் பெருமையாகச் சொன்னான். மணி எடுத்துக்கொண்டது. அன்று பிற்பகல் அவன் வாத்தியாரைப் பார்த்து, “சுண்ணாம்புக் கட்டி தீந்துபோச்சு, போய் எடுத்துட்டு வாங்க” என்றானாம். ஒரு பங்குத் தந்தை பிரசங்கத்தில் ‘எனக்குள் இருக்கும் தெய்வபயம்’ என்று தொடங்கி, மூன்று மூச்சு கழித்து, மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லாமல் இறங்கிவிட்டார். உங்க வீட்டுக்கு வரவே பயமா இருக்கு, வந்தா தின்னவச்சே கொன்னுருவீங்க என்று சொன்ன விருந்தாளிகள் வாரத்துக்கு நான்கு தடவை வந்து நின்றார்கள்.

அதன் பிறகுதான் அகராதித்துறையில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஞானப்பூவைக் கூப்பிட்டார்கள். அவள் ஊர் ஊராக வாக்கியங்கள் சேர்த்தாள். மரியாதைக்கு ஓர் அறை, கூச்சத்துக்கு ஓர் அறை, விளையாட்டுக்கு ஓர் அறை. ‘இந்த மீன்குழம்பு பயங்கரம்’ என்பதற்குத் தனி அறை. பழைய நிகண்டுகளில் பயம் என்றால் நீர் என்றும், பால் என்றும், பயன் என்றும் பொருள் இருந்தது; அவற்றை வழக்கில் இல்லாதவை என்று பத்தொன்பதாம் அறையில் பூட்டிவைத்தாள். இன்னொரு பக்கம், அந்தச் சொல்லே இல்லாமல் பயத்தைச் சொல்லும் வழிகளையும் தேடினாள். வயித்துல புளியக் கரைக்குது, ஈரக்கொலை நடுங்குது, கையும் ஓடல காலும் ஓடல. ஒன்றுகூட விடாமல் மணிக்குச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லத் தெரியாத ஏழைபாழைகளுக்கும் நிம்மதி கிடைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

கிடைத்தது. பரீட்சைக் கூடங்களில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. பெண்கள் ஆளில்லாத சாலைகளில் பாட்டு முணுமுணுத்தபடி நடந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் ஊர்க்கதை பேசினார்கள். ‘போய்ச் சேந்துட்டியா’ என்று கேட்கும் தொலைபேசி அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போயின. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“அடுத்தத எடும்மா,” என்றார் கோமதிநாயகம்.

சுவரில் அடுத்த வாக்கியம் வந்தது. பேசிய நேரம்: இன்று காலை பத்து நாற்பது. மணி தன் போக்கில் முதல் அறை என்று முடிவுசெய்து அச்சத்தை நீக்கிவிட்டது. சரிதானா என்று இவர்களைக் கேட்டிருந்தது.

‘மச்சான நெனச்சா பயமா இருக்கு. கயிறு பாடுது.’

“மச்சான் கோவக்காரன் போல,” கோமதிநாயகம் சிரித்தார். “என் மச்சினனும் அப்படித்தான். முதல் அறை.”

ஞானப்பூவின் விரல் நகரவில்லை. குரலை மறுபடி ஓட்டினாள். இன்னொரு தடவை ஓட்டினாள்.

“இவரு மச்சானப் பாத்துப் பயப்படல சார். மச்சானுக்காகப் பயப்படுதாரு.”

“அதெப்படித் தெரியும்? வாக்கியத்துல அப்படி ஒண்ணும் இல்லியே.”

“வாக்கியத்துல இல்ல சார். இது எங்க அண்ணன் இஞ்ஞாசி. மச்சான்னு சொல்லுதது எங்க வீட்டுக்காரவியள.”

மன்னார் வளைகுடாவின் அடியில் செத்துப்போன பவளத் திட்டுகளை மறுபடி நட்டுவந்தார்கள். கடல் கரையைத் தின்னாமல் தடுக்க வேறு வழி இல்லை என்று ஆன பிறகு தொடங்கிய வேலை. நடவாள் ஒருவன் தனியாகக் கீழே இறங்குவான். அவனுக்கு மூச்சும் வெளிச்சமும் பேச்சும் எல்லாம் ஒரே குழாய் வழியாகப் போகும். அதற்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தார்கள். கடற்கரை மக்கள் கயிறு என்றே சொன்னார்கள். மேலே மேடையில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் கயிற்றாள்.

முத்துக்குளித்த காலத்தில் கயிற்றைப் பிடிப்பவன் மூழ்குகிறவனின் மைத்துனனாக இருப்பான் என்று சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு. பவளநடவிலும் அந்த வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். அளவு காட்டும் மானிகள் பொய் சொல்லாது. ஆனால் மானி சொல்வதற்கு முன்பே மைத்துனனுக்கு வயிறு கலங்கும். அதை நம்பித்தான் கடலுக்குள் ஆளை இறக்கினார்கள்.

ஞானப்பூவின் கணவன் சந்தியாகு நடவாள். இஞ்ஞாசி அவனுடைய கயிற்றாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இஞ்ஞாசிக்குச் சோறு இறங்காமல் போயிற்று. கயிற்றைப் பிடித்த கை, வீட்டில் தூங்கும்போதும் இறுக மூடியே கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது என்று அவன் மனைவி வந்து அழுதாள். ஞானப்பூதான் அவனை வற்புறுத்தி மணி வைக்கக் கூட்டிப்போனாள். “பயமில்லாம கயித்த எப்படிட்டி பிடிக்கிறது?” என்று அவன் கேட்டான். “கவனம் இருந்தாப் போதும்ணே,” என்று அவள் சொன்னாள். அன்றே தானும் ஒன்று வைத்துக்கொண்டாள். சந்தியாகுவுக்கும்.

‘கயிறு பாடுது’ என்ற சொற்களை மட்டும் கொடுத்துத் தேடினாள். கடந்த நாற்பது நாட்களில் மூன்று வாக்கியங்கள் வந்து நின்றன. ‘தங்கச்சி மாப்பிள்ளைய நெனச்சா பயமா இருக்கு, கயிறு பாடுது.’ ‘கயிறு என்னமோ பாடுது, மச்சான நெனச்சா பயமா இருக்கு.’ மூன்றாவதும் அப்படியே. மூன்றையும் முதல் அறையில் போட்டவள் அவள்தான். நீக்கப்பட்டது, முடிந்தது என்று பச்சைக் குறி இருந்தது. தேதிகளைப் பார்த்தாள். அந்த மூன்று நாட்களும் அவளுக்குத் தெரியும். மூன்று நாட்களிலும் பிற்பகலில் கயிறு அறுந்து, மூன்று நடவாள்கள் உயிரோடு திரும்பவில்லை. இரண்டு அடக்கத்துக்கு அவளே போயிருந்தாள். காரணம் தெரியவில்லை என்று சொன்னார்கள். மானிகளில் கடைசிவரை எல்லாம் சரியாக இருந்ததாம்.

“சார், இங்க பாருங்க.”

கோமதிநாயகம் பார்த்தார். தேதிகளை அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அய்யய்யோ! அப்ப நாமதானேம்மா... எத்தன பேரு... எவ்வளவு வாக்கியம் முதல் அறையில கெடக்கு... ஞானப்பூ, எனக்கே பயமா இருக்கும்மா.”

ஒரு மூச்சு விட்டார். இரண்டாவது. மூன்றாவது. தோள்கள் இறங்கின. நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சரி. இது கவனிக்க வேண்டிய விஷயந்தான்,” என்றார். “இருவதாவதா ஒரு அறை வேணும்னு நாளைக்கு எழுதி அனுப்புவோம். மூணு மாசத்துல ஒப்புதல் வந்துரும். ஒனக்கு டீ சொல்லட்டுமா?”

ஞானப்பூவின் நாக்கு நுனியிலும் அதே வாக்கியம்தான் வந்து நின்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் அவளும் டீ கேட்பாள்.

கயிற்றாளின் கவனம் கலையக்கூடாது என்பதால் மேடைக்கு வெளிப்பேச்சு கிடையாது. கரை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இனிமையான குரல் ஒன்று, “எல்லா அளவும் பச்சையா இருக்கும்மா” என்றது. அவள் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

துறைமுகத்தில் தானோடிப் படகு ஒன்று கிடைத்தது. எண் ஏழு மேடை என்றதும் அது தானாகவே முகம் திருப்பிப் புறப்பட்டது. இருபது நிமிடம் ஆகும் என்றது.

ஆறு ஆண்டுகளாக எந்தப் பயத்தையும் மூன்று மூச்சுக்கு மேல் அவள் சுமந்ததில்லை. உடம்புக்கு அது மறந்தே போயிருந்தது. முதலில் வாய் உலர்ந்தது. பிறகு முழங்கால் இரண்டும் அவளுடையவை அல்ல என்பதுபோல் ஆடின. அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டு புரண்டு படுத்தது. வெயில் சுள்ளென்று அடிக்கும் பகலில் பல் தந்தியடித்தது. பழகிப்போன வாய், மருந்தைத் தேடுவதுபோல அந்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.

வேறு எப்படியாவது சொல்லி ஆறலாமா என்று யோசித்தாள். வழி எதுவும் மிச்சமில்லை. எல்லா வழியையும் அவளே தேடிக் கண்டுபிடித்து மணிக்குக் காட்டிக்கொடுத்திருந்தாள். கேள்வியாகக் கேட்கலாம், மணி தொடாது. அடுத்தவர் பயத்தைப் பேசலாம். நடந்து முடிந்த பயத்தைப் பேசலாம். இப்போது, எனக்கு என்று மட்டும் வரக்கூடாது. ‘மாதாவே, மாதாவே’ என்று மட்டும் சொன்னாள். அது எந்த அறையிலும் இல்லை.

மேடை நான்கு கால்களில் கடலுக்கு மேலே நின்றது. நடுவில் கயிற்றைச் சுற்றிய சுழலி; கயிற்றாளின் உள்ளங்கை அதன் தகட்டில் பட்டால்தான் அது சுற்றும். பக்கத்தில் சம்மணம் போட்டு, ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்தபடி இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். ஆறு ஆண்டுகளில் நன்றாகத் தேறியிருந்தான்; கன்னத்தில் சதை விழுந்திருந்தது.

“ஏட்டி ஞானம்! நீ எங்க இங்கன? அவிச்ச கெழங்கு கொண்டாந்தியா?”

“அண்ணே, கயித்த இழு.”

“எதுக்குட்டி?”

“பாடுதுன்னு சொன்னியே, காலையில.”

“அட, நான் பேசுறதெல்லாம் ஒன்கிட்டத்தான் வருதா? அப்ப ஒங்க மைனியத் திட்டுனதும் வந்திருக்குமே!” வாய்விட்டுச் சிரித்தான். “சொன்னேன். ஒரு மாதிரி இருந்துச்சு, சொல்லிட்டேன், செத்த நேரத்துல சரியாப் போச்சு.”

“நின்னுருச்சா?”

“பாட்டா? அது நிக்கல. இந்தா, கேளேன்.”

அவள் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தான். சங்குக்குள் மாட்டிக்கொண்ட கொசுவைப் போல மெல்லிய இரைச்சல் ஒன்று உள்ளங்கை எலும்பில் ஏறியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். எதிரே சுமைமானி, காற்றுமானி, ஆழமானி மூன்றும் பச்சையாக இருந்தன.

“உள்ள இழை ஒவ்வொண்ணா அறுதுண்ணே. மிச்ச இழையில முறுக்கேறி முறுக்கேறித்தான் இந்தச் சத்தம். மானிக்கு மொத்தச் சுமைதான் தெரியும். கடைசி இழை அறுற வரைக்கும் பச்சையாத்தான் காட்டும்.”

“இருக்கலாம்.”

“மூணு பேரு செத்திருக்காவ. மூணு மேடையிலயும் அன்னைக்குக் காலையில கயிறு பாடுனதாச் சொல்லியிருக்காவ. கேட்டுட்டுத்தான் வாரேன்.”

“பாவம்,” என்றான் இஞ்ஞாசி. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். “யோசிக்க வேண்டிய விசயந்தான்.”

“யோசிக்காத, இழு!”

“இங்க பாரு, நான் சொல்லுதத நிதானமாக் கேளு. ஏற்கெனவே ரெண்டு தடவ இழுத்து, ரெண்டையும் வீண் இழுப்புன்னு எழுதிட்டாவ. இன்னொண்ணு ஆச்சுன்னா கயித்த எங்கிட்டருந்து பிடுங்கி வேற எவங்கிட்டயாவது குடுத்துருவாவ. அவனுக்கு நம்ம மச்சான் யாரு? ஒரு ஆளு, ஒரு எண்ணு. அதையும் நெனைக்கணும்ல?”

அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியே விடுவதற்கு முன் உள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நெருஞ்சி முளைத்த தரையில் பார்த்துப் பார்த்து அடி வைப்பதுபோல் இருந்தது.

“அந்த ரெண்டு தடவ நீ எதுக்குண்ணே இழுத்த? அப்பவும் பாடிச்சா?”

இஞ்ஞாசி யோசித்தான். “பாடிச்சு. மணி வைக்கிறதுக்கு முந்தி அது. சத்தம் கேட்டதும் ஒடம்பெல்லாம் வெலவெலத்துப் போச்சு. என்ன செய்யுதோம்னு தெரியாமலே கை போயி சுழலியில விழுந்திரும். மச்சான் மேல வந்து, என்னல இது, நடவு பாதியில கெடக்குன்னு சத்தம் போடுவாரு.”

“அவிய உசுரோட வந்து சத்தம் போட்டதாலதான்ணே அது வீண் இழுப்பு. வராமப் போயிருந்தா ஒன்ன யாரும் வீணுன்னு எழுதியிருக்க மாட்டாவ.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. மெதுவாகத் தலையாட்டினான்.

“சரியாச் சொன்ன,” என்றான். “படிச்சவ படிச்சவதான். இது எனக்குத் தோணவே இல்ல பாரேன்.”

அவள் காத்திருந்தாள். அவன் கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்தது கைவரை வந்து சேரவில்லை. அதைச் சுமந்து வரும் ஒன்று பத்து நாற்பதுக்கே அவனிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பொழுது சாயும்வரை வராது.

“அண்ணே, என் தாலி இதுல தொங்குது.”

“தெரியும்ட்டி. அதனாலதான நான் உக்காந்திருக்கேன்.” அன்பாகச் சிரித்தான்.

நடவாள் தானாகவே கேட்டால் அது வீண் இழுப்பில் சேராது. அவள் பேச்சுக்குழலின் பக்கம் குனிந்தாள்.

“ஏங்க, கேக்குதா? நான் ஞானம்.”

கீழேயிருந்து குமிழிகளுக்கு நடுவே சந்தியாகுவின் குரல் வந்தது. “இதென்ன அதிசயம்! மேடைக்கே வந்துட்டியா? சீட்டாட ஆளில்லன்னு மச்சான் கூப்பிட்டாரா?”

“மேல வாங்க. இழுக்கச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

“எதுக்கு?”

“கயிறு சரியில்ல.”

“ஆமா, காலையிலயே ஒரு உதறல் இருந்துச்சு. முதுகுல அடிக்கிற மாதிரி. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் ஆயிருச்சு. பெறவு சொல்லிட்டேன், போயிருச்சு.” அவன் எதையோ ஊன்றும் சத்தம் கேட்டது. “இன்னும் நாப்பது பவளக் கன்னு இருக்கு. விட்டுட்டு வந்தா வாடிப் போயிரும். நட்டுட்டு சாயந்தரம் வாரேன். நீ வெயில்ல நிக்காத.”

“ஏங்க, ஒரு நிமிசம் கேளுங்க...”

அவன் எதையோ முணுமுணுத்துப் பாடியபடி வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஞானப்பூ பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் இழுத்துச் சுழலியின் தகட்டில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தகடு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. வேறொருவர் பலவந்தமாக வைக்கும் கைக்கு அது அசையாது. அந்தப் பாதுகாப்பையும் எப்போதோ யாரோ யோசித்து வைத்திருந்தார்கள். இஞ்ஞாசி கோபப்படவில்லை. சட்டையைப் பிடித்த குழந்தையிடமிருந்து சட்டையை விடுவிப்பதுபோல் கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

கயிற்றின் இரைச்சல் கொஞ்சம் மெலிந்து, கூர்மையாகிவிட்டது. இப்போது தொடாமலே கேட்டது. மானிகள் மூன்றும் பச்சை.

அவள் அப்படியே தளத்தில் உட்கார்ந்தாள். உடம்பு முழுவதும் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் மேல் பல் படாமல் இருக்க முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள். கீழே தண்ணீரில் ஒருவன், மேலே மேடையில் ஒருவன், கரையில் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ பேர். எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். சந்தியாகுவுக்காக உலகத்தில் மிச்சமிருந்த பயம் முழுவதும் இந்த ஓர் உடம்புக்குள்தான் இருந்தது. அதை இறக்கி வைக்க அவளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

இஞ்ஞாசி அவளைப் பார்த்தான். இப்படி ஒருத்தர் நடுங்கி அவன் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டான். பிறகு அவனுக்குப் புரிந்தது. முகம் இளகியது.

“அடிப் பாவி. இத வச்சிக்கிட்டா அம்புட்டுத் தூரம் வந்த?”

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “நான் சொல்லிட்டேன்னா அப்பொறம் அவியளுக்கு யாருண்ணே இருக்கா?”

“நான் இருக்கேன்ல?”

“நீ இல்லண்ணே.”

அது அவனைக் காயப்படுத்தவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, சின்ன வயதில் செய்ததுபோல் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவனுடைய நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொண்டிருப்பது அவள் காதில் கேட்டது. சுழலியின் தகட்டுக்கும் அவன் கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அந்தக் கையால்தான் அவள் தலைமுடியைத் தடவிக் கொடுத்தான்.

“என்னால பாக்க முடியல ஞானம்,” என்றான். “எதுக்கு இப்படி ஒன்ன நீயே வதைக்க? அண்ணன் சொல்லுததக் கேளு. ஒரே ஒரு தடவ. பயமா இருக்குன்னு சொல்லிரு.”